வரிசை எண் 212

மே மாதம். முனிர்காவில் மின்சாரம் போய்
நாற்பது நிமிடம்.
இன்று அடுப்பு மூட்டுவதில்லை என்று
காலையிலேயே முடிவெடுத்திருந்தேன்.
அதனால் எனக்கு நஷ்டமில்லை.

ஐ.என்.ஏ. சந்தையில் நூறு கிராம்
எழுநூற்று அறுபது ரூபாய்.
கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியதும்
என் கை தானாகத் திருப்பிப் பார்த்தது:
இறக்குமதி முத்திரை, சான்றிதழ் எண், தேதி.
"மேடம் டிபார்ட்மெண்ட்டா?" என்றார்.
"இருந்தேன்" என்றேன்.
பில்லும் கேட்டு வாங்கினேன்.

முலாம்பழம் தள்ளுவண்டியில்.
யமுனை மணலில் காய்த்ததென்று சத்தியம் செய்தான்.
யமுனையை நம்பலாமா தெரியவில்லை,
காம்படி வாசனையை நம்பினேன்.

பிளந்தால்
ஈரத் தலைமுடியாய்ச் சிக்குண்டு கிடந்தன விதைகள்.
கரண்டியால் வழித்தெறிந்து
பிறை பிறையாய் நறுக்கித் தோல் சீவினேன்.
பழம் சில்லென்றிருக்க வேண்டுமாம்,
இறைச்சி சில்லென்றிருக்கக் கூடாதாம்,
பத்து நிமிடம் முன்பே எடுத்து வைக்க வேண்டுமாம்.
விசிறி ஓடாத டெல்லியில் அது இரண்டு நிமிடம்.

ஹாம் என்று எழுதலாம்.
பதிவேட்டில் எட்டு வருடம் அப்படித்தான் எழுதினேன்.
உப்பிட்டு, காற்றில் தொங்கவிட்டு, பொறுத்திருந்தால்
அது உப்புக்கண்டம்தானே.
கண்டம் விட்டுக் கண்டம் வந்தது.
மூன்றாம் முனையத்தில் என் எஃகு மேசைக்கு வந்தால்
அங்கே அதற்கொரு கண்டம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
என்னிடம் உப்பிட்ட பண்டமும் குப்பைக்குத்தான் போனது,
மஞ்சள் பையில், எடை போட்டு, கையெழுத்தாகி.
ஒருநாளும் முகர்ந்ததில்லை.
காற்றுறிஞ்சிய உறைக்கு வாசனை கிடையாது.

இப்போது கத்தரிக்கிறேன்.
சின்னதாய் மூச்சு விடுகிறது.
ஓர் இதழைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி
அதன் வழியே இளஞ்சிவப்பாய்த் தெரிகிறது.
முதல் இதழ் கிழிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதுதான் பிறையின் இடுப்பில்
சொன்னபடி சுற்றிக்கொண்டது.

பக்கத்து வீட்டு ரின்புயி
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.
ஐஸ்வால்காரி. பன்றிக்கறியில்
அவளிடம் யாரும் கதை விட முடியாது.
"சமைக்கவே இல்லையே, அக்கா?"
"பதினெட்டு மாதம் சமைத்திருக்கிறது.
நெருப்பு மட்டும் இல்லை."
ஒன்றை வாயில் போட்டாள்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "மிளகாய்த்தூள் இருக்கா?"

நானும் கடித்தேன்.
முதலில் பழம், நீராய் ஓடியது.
அதைத் துரத்திக்கொண்டு உப்பு.
உப்பு வந்து தொட்ட பிறகுதான்
இனிப்பு, தான் இனிப்பென்று ஒப்புக்கொண்டது.
ஓரத்துக் கொழுப்பு
நாக்கில் மெழுகாய் இளகி
எங்கே போனதென்று தெரியாமல் போனது.

வரிசை எண் 212.
ருச்சிரா சபர்வால், வயது இருபத்து மூன்று.
உலர்த்திய பன்றித்தொடை, எலும்பு நீக்கியது,
ஒரு கிலோ இருநூறு.
சான்றிதழ் இல்லை.
அதிகாலை மூன்று மணி.
அவள் அழவில்லை, யாரையும் போனில் கூப்பிடவில்லை.
"இங்கேயே நின்று தின்றுவிடட்டுமா?" என்றாள்.
"ஒரு கிலோவையா?"
"முடிந்தவரை."
எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
படிவத்தில் அப்படியொரு கட்டமில்லை.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனாவை வைத்துக் காட்டினேன்.

இன்று கேட்டாலும் மறுப்பேன்.
விதி அதேதான்.
ஆனால் முடிந்தவரை என்றால் எவ்வளவு என்று
இப்போது தெரியும்:
நான் எழுபது கிராம்,
ரின்புயி முப்பது, மிளகாய்த்தூளோடு.

மின்சாரம் வந்தது.
விசிறிக் காற்றில்
இதழ்களுக்கிடையே இருந்த தாள்கள்
ஒவ்வொன்றாய் எழுந்து பறந்தன.
ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது,
உள்ளே வைக்க ஒன்றுமில்லை.